கொடுக்கில்லாத குளவி

உயிரியல் பாடம் நடத்திப் பிழைக்கிறவள் நான். சுங்கை பட்டாணியில் ஓர் இடைநிலைப்பள்ளி. உயிரினங்களை எப்படிப் பிரித்து அடையாளம் காண்பது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முதுகெலும்பு உண்டா, இல்லையா? இறக்கை உண்டா, இல்லையா? ஒவ்வொரு கேள்விக்கும் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பெயர் வந்து நிற்கும். வெண்பலகையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். அந்த ஒழுங்கை நம்பித்தான் என் வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போனேன். அதற்குப் பிறகு எது என்னவென்று தெரியாமல் நான் முழித்த முழிப்பு இருக்கிறதே, என் மாணவர்கள் பார்த்திருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள்.

எல்லாம் ஒரு செம்பனை முள்ளில் தொடங்கியது. என் வீட்டுக்காரர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். வீடு பாக்கார் ஆராங்கில் இருந்தாலும் மனிதருக்கு மனசெல்லாம் புக்கிட் செலம்பாவ் பக்கம்தான். அவர் பிறந்த தோட்டத்தின் ஓரத்தில் ஒரு முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. எங்கள் மாநிலத்தில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை; அன்றைக்கு அங்கே போய்விடுவார். கூட்டுவார், குழாய் ரிப்பேர் பார்ப்பார், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பக்கத்துச் செம்பனைக்குள் நுழைந்து விழுந்த மட்டைகளை இழுத்துப் போடுவார். அப்படி ஒருநாள் வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் முள் ஏறிவிட்டது. அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி; கால் மரத்துப் போயிருந்தது. வலியே தெரியவில்லை. மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன காலுறையில் ஈரம் பட்ட பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார்.

ஆரம்பத்தில் ஒழுங்காகக் கிளினிக்குக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வந்தார். ஒருநாள் அங்கிருந்த டாக்டர், இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். என் வீட்டுக்காரருடைய அண்ணனுக்கும் முதலில் ஒரு விரலைத்தான் எடுத்தார்கள். பிறகு பாதம், பிறகு முட்டி வரை, பிறகு அண்ணனே இல்லை. அடுத்த தடவை கிளினிக்குக்குக் கிளம்பச் சொன்னபோது ஓவர்டைம் என்றார். அதற்கடுத்த தடவை தலைவலி என்றார். பொய் சொல்லவே தெரியாத மனிதர் வரிசையாகப் பொய் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் முனி சந்தனம் கொடுக்க ஆரம்பித்தார்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரிய அத்திமரம். அதன் அடிப்பட்டையில் சின்னச் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் சந்தன நிறத்தில் பொடி உதிர்ந்து வேரடியில் குவிந்திருந்தது. இன்றைக்குக் கூட்டி எடுத்தால் நாளைக்கு மறுபடி அதே அளவு குவிந்துவிடும். பாடாங் செராயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து பூசை செய்யும் பூசாரி அண்ணன்தான் முதலில் பார்த்தவர். அவர் அதைத் தாளில் பொட்டலம் கட்டி வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார். என் வீட்டுக்காரருக்கு இரண்டு பொட்டலம். ஒன்றை பஸ்ஸில் வைத்துக்கொண்டார். இன்னொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, குளித்துவிட்டு, தண்ணீரில் குழைத்து, புண்ணின் மேல் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தேன்.

"என்னங்க அது?"

"முனி சந்தனம். கைய வெக்காத, நீ இன்னும் குளிக்கல."

அவர் தூங்கிய பிறகு மிச்சப் பொடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பொடியே இல்லை. சின்னச் சின்ன உருண்டைகள், நடுநடுவே மெல்லிய நூலிழை. மரத்துக்குள் ஏதோ ஒரு புழு குடைந்துகொண்டிருக்கிறது. தின்றதை வெளியே தள்ளுகிறது. அதைத்தான் என் புருஷன் புண்ணில் பூசியிருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். காலையில் பசியாறும்போது சொன்னேன்.

"அது சந்தனம் இல்லைங்க. மரத்துக்குள்ள புழு இருக்கு. அதோட கழிவு."

"கழிவுன்னா?"

"பீ."

கையிலிருந்த ரொட்டி சானாயை அப்படியே தட்டில் வைத்தார். "சாமி குடுத்தத போயி இப்டி பேசுறியே, வாய் அழுகிப் போவும், பாத்துக்க."

"என் வாய் அழுகாது. உங்க காலுதான் அழுகும்!"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து காலை நீட்டிக் காட்டினார்.

"நல்லா பாரு. வீக்கம் கொறஞ்சிருக்கா இல்லியா?"

உண்மையைச் சொன்னால், குறைந்த மாதிரிதான் இருந்தது. என்ன எழவு இது என்று எனக்கே புரியவில்லை. இல்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்ல முடியவில்லை. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"சரி டீச்சரம்மா. புழுன்னு சொல்றல்ல? அந்தப் பூச்சிய என் கண்ணுக்குக் காட்டு. பாத்துட்டேன்னா நீ கூப்புடுற எடத்துக்கு வர்றேன். கிளினிக்கோ ஆஸ்பத்திரியோ, எங்க வேணும்னாலும்."

"சத்தியமா?"

"முனி மேல சத்தியம் லா."

அந்தச் சத்தியத்தைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? ஜொகூரில் வேலை செய்யும் மகன் போனில் கெஞ்சினான், அதற்கும் மசியவில்லை. தூக்கிக்கொண்டு போக அவர் என்ன குழந்தையா?

எங்கள் பள்ளிக்கு ஒருமுறை பேச வந்த மலாய்க்காரர் ஒருவர், பல்கலைக்கழகத்தில் அந்துப்பூச்சிகளை ஆராய்கிறவர், எண் கொடுத்திருந்தார். துளையையும் உருண்டைகளையும் படமெடுத்து அனுப்பினேன். இது என்ன பூச்சி என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவருடைய பதில் குரல்பதிவாக வந்தது. வண்டாக இருக்கலாம் சிக்கு (மலாயில் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), அந்துப்பூச்சியாகவும் இருக்கலாம், அந்துப்பூச்சிகளிலேயே மரம் குடைகிற குடும்பங்கள் பல உண்டு, துளையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இங்கே ஒரு மனிதனின் கால் போய்க்கொண்டிருக்கிறது, இவர் 'லாம், லாம்' என்கிறார். கடைசியில் ஒன்று சொன்னார். துளையின் வாயில் காலிக்கூடு ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள்.

போய்ப் பார்த்தேன். இருந்தது. ஒரு துளையில் பழுப்பு நிறத்தில் மெல்லிய தோல், பாதி உள்ளே, பாதி வெளியே. அதன் மேல் வரிசை வரிசையாக நுண்ணிய முட்கள். அந்த முட்களைப் பட்டையில் ஊன்றி ஊன்றித்தான் கூட்டுப்புழு வெளியே நகர்ந்து வருமாம். படம் போனதுமே ஆராய்ச்சியாளரின் குரல் மாறிவிட்டது. கண்ணாடிச் சிறகு அந்துப்பூச்சியாக இருக்கலாம் என்றார். மறுபடியும் 'லாம்'. ஆனால் இந்த முறை அவரே மூச்சு வாங்கினார்.

அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. அந்துப்பூச்சி என்றால் இரவில் விளக்கைச் சுற்றும் என்றுதானே நினைப்போம்? இது பகலில் பறக்கும். விளக்குப் பக்கமே வராது. சிறகு ஒளி ஊடுருவும். உடம்பில் கறுப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக இருக்கும். பார்த்தவர்கள் குளவி என்று ஓடிவிடுவார்கள், பூச்சி சேகரிக்கிறவர்கள்கூட. அதனால் அபூர்வம் என்கிறார்கள். நிஜமாகவே அபூர்வமா, அல்லது யாரும் கிட்டப் போகவில்லையா என்பதே தெரியாது என்றார். சில இனங்களுக்கு ஒரே ஒரு செத்த பூச்சிதான் சாட்சி, அதுவும் நிறம் வெளுத்து, கால் உடைந்து ஏதோ ஓர் அருங்காட்சியகப் பெட்டியில் கிடக்கும். ஒரே பூச்சிக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்ததும் உண்டு. சிறகு தெளிவாக இருக்கிறதே என்று சம்பந்தமில்லாத பூச்சிகளை இந்தக் குடும்பத்தில் சேர்த்து, பிறகு வெளியே அனுப்பியதும் உண்டு. புழுவாக இருக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி வெளிறிப்போய்க் கிடக்கும். ஆகவே சிறகு முளைத்தது வேண்டும், முழுசாக வேண்டும்.

அன்று மாலை என் வகுப்புக் குறிப்பையே எடுத்துப் பார்த்தேன். சிறகில் செதில் உண்டா? உண்டு என்றால் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி. இல்லை, சிறகு கண்ணாடிபோல் இருக்கிறது என்றால் குளவி, தேனீ பக்கம் போக வேண்டும். அப்படியானால் இந்தப் பூச்சி என் பாடத்தின்படியே குளவிதான்! இத்தனை வருடமாக எத்தனை பிள்ளைகளை நான் குழப்பியிருப்பேன்? ஆராய்ச்சியாளரிடம் கேட்டதற்குச் சிரித்தார். சிறகின் பெரும்பகுதியில் செதில் இல்லாவிட்டாலும் உடம்பு முழுக்க இருக்கும் சிக்கு, அதை விட்டுவிடாதீர்கள் என்றார்.

மரத்தைக் கொஞ்சம் வெட்டிப் பார்க்கலாமா என்று பூசாரி அண்ணனிடம் ஜாடையாகக் கேட்டேன்.

"ஐயோ டீச்சர்! சாமி மரத்துல இரும்பு படலாமா? விளையாடாதீங்க."

சரி, பூச்சி தானாக வெளியே வரட்டும், வந்தால் பறந்து போகாமல் இருக்க வேண்டும். துளைகளின் மேல் கொசுவலைத் துணியைக் கட்டினால் போதும். ஆனால் எதற்கு என்று கேட்பார்களே? அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. வலையை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்து, ஒரு வெள்ளிக்கிழமை குளித்து முழுகிப் போய், தேங்காய் உடைத்து, வேண்டுதல் மாதிரி மரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டு வந்தேன். பூசாரி அண்ணனுக்கு வாயெல்லாம் பல். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில், "எனக்காகத்தானே கட்டுன?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அது பொய்யும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை போனால் எனக்கு மயக்கமே வந்துவிட்டது. மரம் முழுக்க மஞ்சள் வலை. டீச்சரே கட்டியிருக்கிறார், அதுவும் வலைத்துணியில் கட்டியிருக்கிறார், அப்படியானால் அதில் ஏதோ இருக்கிறது என்று செய்தி பரவி, பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள், வேலை வேண்டுகிறவர்கள் எல்லாரும் கொசுவலை வாங்கி மஞ்சளில் முக்கிக் கட்டிவிட்டார்கள். ஒன்றின் மேல் ஒன்று. என்னுடையது எது என்று எனக்கே தெரியவில்லை. அவிழ்த்துப் பார்க்கவும் முடியாது, அடுத்தவர் வேண்டுதலை அவிழ்த்தால் சும்மா விடுவார்களா? மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அதையும் பிரதட்சிணம் என்று நினைத்து இரண்டு பெண்கள் என் பின்னாலேயே சுற்றினார்கள்.

நாட்கள் ஓடின. குறைந்த வீக்கம் திரும்ப வந்தது. விரல் நுனி கறுத்தது. வீட்டுக்குள் ஒரு வாடை. அவர் அத்தர் பூசிக்கொண்டு பஸ் ஓட்டப் போனார். நான் கத்தினேன், அழுதேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். "பூச்சிய காட்டுறேன்னு சொன்னியே?" என்பார் மெதுவாக. கேலியில்லை அது. அவருக்கும் ஏதோ ஒன்று வந்து முடிவுகட்டினால் போதும் என்றிருந்ததோ என்னவோ. காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும்போது எனக்குச் செத்துப்போன அவர் அண்ணனுடைய காலிச் சக்கர நாற்காலிதான் ஞாபகத்துக்கு வந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, வெயில் ஏறும் நேரம். அவர் நொண்டிக்கொண்டே முனிக்குச் சுருட்டு வைத்துக்கொண்டிருந்தார். நான் மரத்தடிக்குப் போனேன். வலைகளுக்கு நடுவே ஒரு ரீங்காரம். யாரோ கட்டிய வலைக்குள், யாருடைய வேண்டுதலோ, ஒன்று படபடத்தது. கறுப்பு உடம்பு, மஞ்சள் வளையங்கள், செம்மஞ்சள் கால்கள், ஒடுங்கிய இடுப்பு, கண்ணாடிச் சிறகு. நான் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். ஆமாம், நான்தான்! இத்தனை நாள் காத்திருந்த நானே குளவி என்று பயந்தேன். அதன் பக்கத்தில் பட்டையில் புதுக் காலிக்கூடு நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

"என்னங்க! வாங்க, ஓடி வாங்க!"

வந்தார். குனிந்து பார்த்தார். முகம் மாறியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இதுவா ஒன் விட்டில்? தெபுவான்டி இது. முனி தன் காவல அனுப்பியிருக்காரு. நீ சந்தேகப்பட்டல்ல, அதான்."

"குளவி இல்லைங்க. இது வேஷம். பறவைங்க தின்னக்கூடாதுன்னு குளவி மாதிரி வேஷம் போட்டிருக்கு. கொடுக்கே கிடையாது."

"சாமிதான் வேஷம் போட்டு வரும். பூச்சி எதுக்குப் போடுது?"

என் கண்முன்னால் எல்லாம் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. காட்டிவிட்டேன், அவரும் கண்ணால் பார்த்துவிட்டார், பார்த்தும் அது குளவியாகவே இருக்கிறது. வேறு வழி தெரியவில்லை. வலைக்குள் கையை விட்டு அதைப் பிடித்து வெளியே எடுத்து உள்ளங்கையை விரித்தேன்.

"பாருங்க. கொட்டுதா?"

அது என் உள்ளங்கையில் நின்று இறக்கையை அதிரவைத்தது. பிறகு வயிற்றை வளைத்து, நுனியை என் தோலில் குத்தியது. கொடுக்கில்லாத பூச்சிக்கு அந்த நடிப்பும் தெரியும் என்று யார் கண்டது? எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. "ஐயோ!" என்று ஒரு சத்தம். என் சத்தம் இல்லை. அந்தக் கறுத்த விரலையும் ஊன்றிப் பாய்ந்து வந்து வெறுங்கையால் என் கையில் ஓங்கி ஓர் அறை விட்டார் அவர்.

என் கையில் பூச்சி நசுங்கிக் கிடந்தது. எத்தனை நாள் காத்திருப்பு, ஆராய்ச்சியாளர் முழுசாக வேண்டும் என்று கேட்டது, எல்லாம் போச்சு.

"கொன்னுட்டீங்களே! கொன்னுட்டீங்களே பாவி மனுஷா!"

"ஒன்ன கொட்டியிருக்கும் டி," என்றார். "முனியோட காவலா இருந்தா என்ன, ஒன்ன கொட்ட உட்ருவனா?"

பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்தார். மறுபடி பார்த்தார். மஞ்சளும் கறுப்புமாகப் பொடி ஒட்டியிருந்தது, வெயிலில் லேசாக மினுங்கியது.

"பொடி ஒட்டுது," என்றார்.

நான் நசுங்கியதில் ஏதாவது முழுசாக மிஞ்சியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"வண்ணத்துப்பூச்சி புடிச்சா ஒட்டுமே, அந்த மாதிரி." கையை வெயிலில் திருப்பிப் பார்த்து, "தெபுவான அடிச்சா பொடி ஒட்டாது. எத்தன அடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அத்திமரத்தைப் பார்த்தார், துளைகளைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். போய் இன்னொரு சுருட்டைப் பற்றவைத்து முனி முன்னால் வைத்து, விழுந்து கும்பிட்டு எழுந்தார்.

"கிளினிக்கு தொறந்திருக்குமா?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை, மூடியிருக்கும். ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்."

"காடி சாவி ஒங்கிட்டதான இருக்கு? வா."

நசுங்கியதை ஒரு வெற்றிலையில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதன் படத்தைப் பார்த்த ஆராய்ச்சியாளர், குடும்பம் அதுதான் சிக்கு, அதற்குக் கீழே எந்த இனம் என்று சொல்ல இதில் ஒன்றும் மிச்சமில்லை என்றார். பெயரில்லாமலேயே போய்விட்டது அது.

காரில் போகும்போதே கேட்டேன், "நான் சொன்னத நம்பி வர்றீங்களா, காவல அடிச்சிட்டோம்னு பயந்து வர்றீங்களா?" அவர் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். "அது ஒன் கையில குத்துனப்ப பயந்தேன் பாரு, அவ்ளோ பயத்த நான் கண்டதே இல்ல. அதுக்கப்புறம் இந்த வெரலு பயமெல்லாம் ஒண்ணுமே இல்ல லா." கேட்ட கேள்விக்குப் பதில் இதுவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சத்தமாக அழுதேன்.

ஊசிகளெல்லாம் போட்டுப் பார்த்தும் கட்டைவிரலைக் காப்பாற்ற முடியாது என்றார்கள். பாதம் தப்பும், இப்போதாவது வந்தீர்களே என்றார்கள். அறுவைச் சிகிச்சையன்று காலையில், அவர் பஸ்ஸில் வைத்திருக்கும் மாற்றுத் துணியை எடுக்க, வீட்டு வாசலில் நின்ற பஸ்ஸில் ஏறினேன். ஸ்டியரிங் பக்கத்தில் அந்தப் பொட்டலம் இருந்தது. பிரித்தேன். அது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். எந்த வரிசை, எந்தக் குடும்பம், வாயில் மென்று பின்னால் எப்படி வெளியேற்றியது என்பதுவரை தெரியும். இரண்டு விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

வார்டில் கட்டிலை உருட்டிக்கொண்டு போக வந்துவிட்டார்கள். அவர் என் நெற்றியை உற்றுப் பார்த்தார்.

"என்ன டீச்சரம்மா? புழு பீயா?"

"ஆமா. வாய மூடிக்கிட்டுப் பேசாம படுங்க," என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்ததை அவர் நெற்றியிலும் வைத்தேன்.